பழைய இருசில்லு உழவு இயந்திரத்தில் கியர்க் குறை அறிதல்

நெல் வயலில் உழவுக்கு உரிய நாட்கள் எண்ணப்பட்டவை. மானாவாரி நிலத்தில் முதல் மழையின் ஈரம் மண்ணில் நிற்கும் சில நாட்களும், குளத்தின் கீழுள்ள நிலத்தில் போகக் கூட்டத்திலே தீர்மானிக்கப்பட்ட நீர் விடும் நாட்களுமே கமக்காரருக்குக் கிடைப்பவை. அந்நாட்களில் உழவு இயந்திரம் வரம்போரத்தில் நின்றுவிடுமாயின் விதைப்புப் பிந்தும். பிந்தி விதைத்த வயல் அயல் வயல்களோடு ஒத்து விளையாது. குளத்தில் நீர் நிறுத்தப்படும்போது அதன் கதிர் இன்னும் பாலாகவே இருக்கும். மரக்கறிச் செய்கையாளர் நிலையும் இதுவே. மேடையில் நாற்று முற்றிக்கொண்டிருக்க, நடவுக்குரிய நிலம் உழாது கிடப்பின் நட்டம் அவருக்கே.

இலங்கையில் சிறு கமக்காரரின் உழவுக்குப் பெரிதும் துணை நிற்பது இருசில்லு உழவு இயந்திரமாகும். 'லாண்ட்மாஸ்ரர்' என்பது முதலில் இங்கு வந்த ஓர் ஆங்கிலேய உற்பத்தியின் பெயர். இன்று எந்த நாட்டில் ஆக்கப்பட்ட இயந்திரமாயினும் ஊர்வழக்கில் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றது. காலையில் வயலை உழுவதும், மாலையில் இழுவைப் பெட்டியைப் பூட்டி நெல்லும் பசளையும் விறகும் ஏற்றுவதும் இதுவேயாதலால், இதன் கியர்ப் பகுதி ஆண்டு முழுவதும் ஓய்வின்றி உழைக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் புதிய இயந்திரத்தின் விலையும் உதிரிப் பாகங்களின் விலையும் மிக உயர்ந்துள்ளன. ஆகவே, கைவசமுள்ள பழைய இயந்திரத்தைக் காத்துக்கொள்ளுதல் முன்னெப்போதிலும் இன்றியமையாததாகின்றது.

கியர் மாறவில்லை என்றவுடன் கியர்ப் பெட்டியைத் திறப்பது பலரிடம் காணப்படும் வழக்கமாகும். இது நோயை அறியாமல் வயிற்றைக் கீறுவதை ஒக்கும். கியர்க் குறைகளிற் பல, பெட்டிக்கு வெளியேயுள்ள உறுப்புக்களிலேயே பிறக்கின்றன. தளர்ந்த இழுகோல், தேய்ந்த ஊசி, வளைந்த நெம்புகோல், துருப்பிடித்த கிளச்சுத் தட்டு என்பன அவை. இவற்றை வயலோரத்தில் வைத்தே கண்டறியலாம். பெட்டியை வீணாகத் திறப்பின் மண்ணும் தூசியும் உட்புகும். பொருத்துத் தகடு கிழிந்து எண்ணெய் ஒழுகும். நல்ல நிலையிலிருந்த பாகமும் கெடும். எக்குறை வெளியே உள்ளது, எக்குறை உள்ளே உள்ளது என்பதைக் கமக்காரர் தாமே ஒழுங்காகப் பிரித்தறிவதற்கு இப்பிரசுரம் உதவும்.

1. வலு செல்லும் வழி

குறையை அறிய விரும்புவோர் வலு செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சினின் பறப்புச் சில்லிலுள்ள கப்பியிலிருந்து வார்ப்பட்டிகள் வலுவைக் கிளச்சுக்குக் கொண்டு செல்கின்றன. கிளச்சு அதனைக் கியர்ப் பெட்டிக்குக் கொடுக்கின்றது. பெட்டியினுள்ளே பற்சில்லுகள் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகின்றன. பின்னர் இடம் வலமாக உள்ள இரு திருப்பிணைப்புக்களின் வழியாக அச்சுக்கும், அச்சிலிருந்து சில்லுகளுக்கும் வலு சேருகின்றது.

கிளச்சு இருவகைப்படும். சீனத்திலிருந்து வந்த 12 குதிரைவலு இயந்திரங்களில் உராய்வுத் தட்டுக்கள் கொண்ட கிளச்சு உண்டு. நெம்புகோலை இழுக்கும்போது தட்டுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் தட்டுக்கள் இல்லை. அங்கு ஓர் இறுக்குக் கப்பி வார்ப்பட்டியை அழுத்தும்போது வலு செல்லும். அழுத்தம் நீங்கும்போது பட்டி தளர்ந்து வலு நிற்கும்.

கியர்ப் பெட்டியினுள்ளே, கியர் நெம்புகோலின் கீழ்முனை ஒரு தண்டிலுள்ள வெட்டில் அமர்ந்திருக்கும். அத்தண்டில் கவை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கவையானது பற்சில்லை அதன் அச்சின் மீது தள்ளி மற்றொரு பற்சில்லோடு சேர்க்கும். சேர்ந்த இடத்தில் தண்டு அசையாதிருப்பதற்காக, சுருள்வில்லால் அழுத்தப்படும் உருக்குக் குண்டு ஒன்று தண்டிலுள்ள பள்ளத்தில் இறங்கி நிற்கும். 12 குதிரைவலு இயந்திரங்களிற் பெரும்பாலானவை இவ்வாறு ஆறு முன்கியர்களும் இரண்டு பின்கியர்களும் உடையன.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். மோட்டார் வண்டிகளின் கியர்ப் பெட்டியில், சேரவிருக்கும் பற்சில்லுகளின் வேகத்தை முன்கூட்டியே ஒத்திசைக்கும் உறுப்பு உண்டு. இருசில்லு உழவு இயந்திரத்தில் அது இல்லை. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றுவதற்கென இது ஆக்கப்படவில்லை. கிளச்சை முற்றாக விடுவித்து, இயந்திரம் நின்ற பின்னரே கியர் மாற்றுதல் முறையாகும்.

2. சோதனைக்கு முன்

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்துதல் வேண்டும். இழுவைப் பெட்டி பூட்டியிருப்பின் அதனைக் கழற்றுதல் வேண்டும். எஞ்சின் சூடாகவிருப்பின் ஆறவிடுக. சேற்றையும் வைக்கோலையும் கழுவித் துடைத்த பின்னரே உறுப்புக்களைப் பார்வையிடுதல் நன்று. சேறு பூசிய இணைப்பிலே தேய்வும் வெடிப்பும் தெரியமாட்டா. வார்ப்பட்டி ஓடும்போது அதன் அருகே கையையோ சாரத்தின் நுனியையோ கொண்டு செல்லலாகாது. பட்டியின் மறைப்புத் தகட்டைக் கழற்றுவதாயின் எஞ்சினை நிறுத்திய பின்னரே கழற்றுக.

பின்வரும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ளுதலும் பயன் தரும். குறை எல்லாக் கியர்களிலும் உள்ளதா, ஒரு கியரில் மட்டுமா? திடீரென வந்ததா, சிறிது சிறிதாகக் கூடியதா? அதற்கு முன் இயந்திரத்தில் ஏதேனும் மாற்றப்பட்டதா, அன்றி இயந்திரம் நெடுநாள் மழையில் நின்றதா? குறையின் பாதி இவ்விடைகளிலேயே வெளிப்படும்.

3. முதற் சோதனை: எஞ்சின் நின்ற நிலையில்

எஞ்சினை நிறுத்துக. கிளச்சு நெம்புகோலை விடுபட்ட நிலையில் வைக்குக. பின்னர் ஒருவர் கைப்பிடியைப் பற்றி இயந்திரத்தைச் சிறிது முன்னும் பின்னும் அசைக்க, மற்றொருவர் கியர்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்குக. அசைப்பது எதற்கெனில், நின்ற நிலையிலே பல்லோடு பல் நேருக்கு நேர் முட்டி நிற்கக்கூடும். சில்லு சிறிது உருண்டால் பல் விலகி வழி விடும்.

இச்சோதனையின் முடிவு இரண்டில் ஒன்றாகும்.

எஞ்சின் நின்ற நிலையில் எல்லாக் கியர்களும் இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கரகரத்து மறுக்குமாயின், குற்றம் கிளச்சினுடையது. கியர்ப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

எஞ்சின் நின்ற நிலையிலும் கியர் விழ மறுக்குமாயின், குற்றம் நெம்புகோலிலோ, தண்டிலோ, கவையிலோ, பற்சில்லிலோ உள்ளது.

முதல் முடிவை உறுதி செய்ய இன்னுமொரு வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, ஒரு கியரை இட்டு, கிளச்சை விடுவித்து, இயந்திரத்தைத் தள்ளுக. கிளச்சு நன்றாக விடுபடின் சில்லுகள் உருளும். எஞ்சினையும் சேர்த்துச் சுழற்றுவது போன்ற பாரம் தோன்றின் கிளச்சு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றது என்பது தெளிவு.

4. கிளச்சு முற்றாக விடுபடாமை

தட்டுக் கிளச்சில் இதற்குரிய காரணங்களை எளிதிலிருந்து கடினத்துக்கு இவ்வொழுங்கிற் பார்க்குக.

முதலாவது, இழுகோலும் அதன் இணைப்பு ஊசிகளும். பழைய இயந்திரங்களில் ஊசித் துளை வட்டம் மாறி நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். அப்போது நெம்புகோலின் அசைவிற் பாதி அத்தேய்வை நிரப்புவதிலேயே கழிந்துவிடும். தட்டை விடுவிக்கப் போதிய அசைவு எஞ்சாது. ஊசியை மாற்றுக. துளை பெரிதாகவிருப்பின் அதனை நிரப்பி ஒட்டுவித்து மீண்டும் துளையிடுக. அதன் பின்னர் இழுகோலின் பூட்டு நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்க.

இழுகோலைச் சரிசெய்யும்போது விடுவிப்புப் போதிகைக்கும் விடுவிப்பு விரல்களுக்கும் இடையில் சிறு இடைவெளி விடுதல் இன்றியமையாதது. அதன் அளவு இயந்திரத்தின் கைநூலிற் கூறப்பட்டிருக்கும். இடைவெளி மிகின் கிளச்சு விடுபடாது. இடைவெளி அறவே இல்லையெனின் கிளச்சு பிடிக்காது வழுக்கும். போதிகையும் ஓயாது உராய்ந்து எரியும். இரண்டும் கேடு.

இரண்டாவது, விடுவிப்பு விரல்களின் உயரம். மூன்று விரல்களும் போதிகையை ஒரே நேரத்தில் தொடுதல் வேண்டும். ஒன்று தாழ்ந்திருப்பின் தட்டு சாய்ந்து ஒருபக்கம் பிடித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, துரு. போகம் முடிந்த பின் மாதக்கணக்கில் மழையில் நின்ற இயந்திரத்தில் தட்டுக்கள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டிக்கொள்வதுண்டு. எஞ்சினை நிறுத்தி, கியரை இட்டு, கிளச்சை விடுவித்த நிலையில் இயந்திரத்தை இருவர் முன்னும் பின்னும் பலமுறை அசைப்பின் ஒட்டுப் பெரும்பாலும் விடுபடும். கியரை இட்ட நிலையில் எஞ்சினை இயக்கித் துருவை விடுவிக்க முயலலாகாது. இயந்திரம் பாய்ந்து ஆளின் மேல் ஏறக்கூடும்.

நான்காவது, கோணிய தட்டு. மேற்கூறியவை யாவும் சரியாகவிருந்தும் கிளச்சு விடுபடாவிடின் தட்டு வெப்பத்தாற் கோணியிருக்கலாம். அப்போதே கிளச்சைக் கழற்றுதல் வேண்டும்.

இறுக்குக் கப்பி வகையில் நோக்க வேண்டியவை வேறு. நெம்புகோலைத் தளர்த்தியதும் பட்டி கப்பியை விட்டு எழுந்து நிற்றல் வேண்டும். அவ்வாறு நிற்பதற்கெனப் பட்டியின் அருகே தாங்கு கம்பிகள் அமைந்துள்ளன. அவை வளைந்திருப்பினும், அளவிற் குறுகிய பட்டி பூட்டப்பட்டிருப்பினும், பட்டி கப்பியை உராய்ந்துகொண்டே இருக்கும், கியரும் கரகரக்கும். கம்பியை நிமிர்த்தி உரிய அளவுள்ள பட்டியை இடுவதே மருந்து.

5. எஞ்சின் நின்ற நிலையிலும் கியர் விழாமை

இங்கும் வெளியேயிருந்து தொடங்குதல் வேண்டும். கியர் நெம்புகோல் வளைந்து மறைப்புத் தகட்டில் முட்டுகின்றதா? நெம்புகோல் அசையும் வெட்டில் காய்ந்த சேறு அடைத்துள்ளதா? இழுகோல் வழியாக இயங்கும் வகையாயின் அதன் நட்டுக்கள் தளர்ந்துள்ளனவா? பாரம் ஏற்றும்போது நெம்புகோலின் மேல் மூடையைச் சாய்த்து வைப்பதால் அது வளைவதுண்டு.

வெளியே குறை காணப்படாவிடின், நெம்புகோலைத் தாங்கும் மேல்மூடியை மட்டும் கழற்றிப் பார்க்கலாம். கழற்றுமுன் சுற்றுப்புறத்தை மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்தல் வேண்டும். நெம்புகோலின் கீழ்முனை தேய்ந்து உருண்டு போயிருப்பின், தண்டின் வெட்டை விட்டு அது நழுவும். சிலவேளை இரு வெட்டுக்களுக்கு நடுவே சிக்கி இரண்டு தண்டுகளை ஒருங்கே தள்ளிவிடும். அப்போது இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் விழுந்து இயந்திரம் பூட்டியது போல் நிற்கும், முன்னுமில்லை, பின்னுமில்லை. இந்நிலையில் எஞ்சினைக் கொண்டு இழுக்க முயல்வோர் பல்லை உடைத்துக்கொள்வர். எஞ்சினை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, திருகாணித் திறப்பொன்றால் தண்டுகளை நடுநிலைக்குத் தள்ளிவிடுதல் வேண்டும். நடுநிலையில் எல்லாத் தண்டுகளின் வெட்டுக்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். தேய்ந்த முனையை ஒட்டி நிரப்பி அரத்தால் முன்னைய அளவுக்கு அராவிக்கொள்ளலாம்.

வெட்டும் முனையும் நன்றாகவிருந்தும் தண்டு அசையாவிடின், கவை வளைந்திருத்தல், தண்டு துருப்பிடித்திருத்தல், பற்சில்லின் பல்நுனி உடைந்து சிக்கியிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்துள்ளது. இது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலையாகும்.

6. கியர் தானே கழன்று விழுதல்

இட்ட கியர் பாரம் வந்தவுடன் நடுநிலைக்குத் திரும்புவதையே இவ்வாறு கூறுவர். உழவில் இது தொல்லை. இழுவைப் பெட்டியோடு செல்லும்போது இது உயிராபத்து. குளக்கட்டிலிருந்து இறங்கும் சரிவிலோ, வாய்க்காற் பாலத்துச் சரிவிலோ நெல்மூடைப் பாரத்தோடு கியர் கழன்றால், எஞ்சின் கொடுத்துவந்த தடுப்பு நீங்கிப் பாரம் முழுவதும் பின்னிருந்து தள்ளும். ஆகவே கியர் கழலும் இயந்திரத்தில், குறை தீரும் வரை பாரம் ஏற்றலாகாது. ஆட்களை ஏற்றுதல் எவ்வகையிலும் ஆகாது.

காரணத்தை அறிய, எந்தெந்தக் கியர்கள் கழல்கின்றன என்பதைக் குறித்துக்கொள்க.

ஒரே ஒரு கியர் மட்டும் கழலுமாயின், அக்கியருக்குரிய பற்சில்லின் பல்லோரம் தேய்ந்து சரிந்திருக்கும். ஓட்டத்தில் கியரை மாற்றுவதால் வரும் தேய்வு இது. தேய்ந்த பல் சாய்தளம் போலாகி, பாரம் வரும்போது மறு பல்லைத் தன்னை விட்டுத் தள்ளிவிடும்.

ஒரே தண்டினால் இயங்கும் இரு கியர்களும் கழலுமாயின், அத்தண்டின் குண்டு, சுருள்வில், கவை என்பவற்றை ஐயுறுக. வில் முறிந்திருத்தலும் சோர்ந்திருத்தலும் பொதுவாகக் காணப்படுவன. வில்லும் குண்டும் விலை குறைந்தவை. பல இயந்திரங்களில் அவற்றை ஒரு திருகாணியைக் கழற்றியே வெளியிலெடுக்கலாம். பழைய வில்லை நீட்டி இடுவது சில நாட்களுக்கே உதவும். தண்டின் பள்ளம் தேய்ந்திருப்பின் புதிய வில்லும் பயன் தராது. தண்டையே மாற்றுதல் வேண்டும்.

எல்லாக் கியர்களும் கழலுமாயின், போதிகைகள் தேய்ந்து அச்சுக்கள் ஆடுகின்றன, அன்றி நெம்புகோலின் முனை தேய்ந்து எக்கியரையும் முழுமையாகத் தள்ளவில்லை எனக் கொள்ளல் வேண்டும். போதிகை தேய்ந்திருப்பின் பெட்டியிலிருந்து ஓயாத இரைச்சலும் கேட்கும்.

7. கியர் விழுந்தும் இயந்திரம் நகராமை

கியர் சரியாக விழுந்து, கிளச்சைப் பிடிக்கவிட்டும் இயந்திரம் நகராவிடினோ, பாரத்தில் தளரினோ, வலு எங்கோ வழுக்குகின்றது.

முதலில் வார்ப்பட்டியைப் பார்க்குக. தட்டுக் கிளச்சு வகையில், எஞ்சின் நின்ற நிலையிலே பட்டியின் நடுவில் கைவிரல்களால் அழுத்தினால் அது 20 முதல் 30 மி.மீ. வரை தாழ்தல் வேண்டும். அதிலும் மிகுதியாகத் தாழின் எஞ்சினின் அடிப்போல்டுக்களைத் தளர்த்தி எஞ்சினை முன்னோக்கி நகர்த்தி இறுக்குக. இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதையும் பார்க்குக. ஒரு பட்டி அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவதே முறை. பழையதும் புதியதும் கலந்தால் புதிய பட்டியே பாரம் முழுவதையும் தாங்கி விரைவில் அறுந்துவிடும்.

பட்டி நன்றாகவிருந்து எரிந்த நாற்றம் கிளச்சிலிருந்து வருமாயின் தட்டே வழுக்குகின்றது. முன் கூறிய இடைவெளி இல்லாமை, உராய்வுப் பூச்சுத் தேய்ந்தமை, தட்டில் எண்ணெய் படிந்தமை ஆகிய மூன்றே பெரும்பாலான காரணங்கள். எண்ணெய் படிந்திருப்பின் கழுவுதல் மட்டும் போதாது. எண்ணெய் ஒழுகும் காப்பு வளையத்தையும் மாற்றுதல் வேண்டும்.

ஒரு சில்லு மட்டும் சுழலாவிடின் அப்பக்கத்துத் திருப்பிணைப்பை நோக்குக. திருப்பு நெம்புகோலின் கம்பி மிக இறுக்கமாகவிருப்பின் இணைப்பு முழுமையாகச் சேராது. இயந்திரம் ஒருபக்கமாக இழுக்கும். நெம்புகோலில் சிறிது தளர்வு விட்டுச் சரிசெய்க. சேற்றுச் சில்லை மாற்றிப் பூட்டியபோது அச்சின் ஆப்போ ஊசியோ விடுபட்டிருப்பினும் சில்லு சுழலாது.

8. எண்ணெய் கூறும் செய்தி

கியர்ப் பெட்டியின் எண்ணெயைப் பார்ப்பவர் பெட்டியைத் திறவாமலே அதன் உள்நிலையை அறிந்துகொள்வர். வேலை முடிந்து எண்ணெய் இளஞ்சூடாக உள்ளபோது அடியாணியைச் சிறிது தளர்த்தி ஒரு வெண்கிண்ணத்தில் சிறிதளவு எடுத்துப் பார்க்குக.

எண்ணெய் பால் போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது. சேற்றுழவில் அச்சு நீரில் மூழ்குவதால், அச்சின் காப்பு வளையம் கெட்டவுடன் நீர் உட்செல்லும். வளையம் கெடுவதற்கு முதன்மையான காரணம் அச்சிற் சுற்றிக்கொள்ளும் வைக்கோலும் நைலோன் நூலும் கயிறுமே. வளையத்தை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவோர் அடுத்த உழவிலும் அதே வெண்மையையே காண்பர். நீர் கலந்த எண்ணெய் தண்டுகளையும் போதிகைகளையும் துருப்பிடிக்கச் செய்யும். அடுத்த போகத்தில் கியர் விழ மறுக்கும்.

எண்ணெயில் மினுங்கும் நுண்பொடி சிறிது இருத்தல் பழைய இயந்திரத்திற்கு இயல்பே. நகநுனியளவு உலோகத் துண்டுகள் காணப்படின் பல் உடைந்துள்ளது. இயந்திரத்தை மேலும் ஓட்டலாகாது. உடைந்த துண்டு மற்றப் பற்களுக்கிடையில் அகப்பட்டுப் பெட்டியையே வெடிக்கச் செய்யும்.

எஞ்சினிலிருந்து எடுத்த பழைய கறுத்த எண்ணெயைக் கியர்ப் பெட்டிக்கு இடும் வழக்கம் சிக்கனமன்று. கைநூல் கூறும் தரத்து எண்ணெயையே, கூறும் மட்டம் வரை இடுதல் வேண்டும். மட்டத்திற்கு மேல் இடின் பெட்டி சூடேறி எண்ணெய் வளையங்களின் வழியே கசியும்.

9. ஓர் எடுத்துக்காட்டு

குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் நெற்செய்யும் கமக்காரர் ஒருவரின் பழைய இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்போகத்துக்கு நீர் விட்ட இரண்டாம் நாள், எக்கியரை இட்டாலும் கரகரவென்ற ஒலி எழுகின்றது. பற்சில்லுகள் தேய்ந்துவிட்டன, பட்டணத்துத் திருத்தகத்துக்கு ஏற்றிச் செல்லவேண்டும் என அயலவர் கூறுகின்றனர். ஏற்றுகூலி, கழற்றுகூலி, பாகங்களின் விலை என்பவற்றோடு ஒரு கிழமை உழவும் போகும்.

அவர் எஞ்சினை நிறுத்திக் கியர்களை இட்டுப் பார்க்கின்றார். எல்லாக் கியர்களும் ஓசையின்றி விழுகின்றன. கியரை இட்டுக் கிளச்சை விடுவித்துத் தள்ளிப் பார்க்கின்றார், இயந்திரம் உருளவில்லை. குற்றம் கிளச்சினுடையது என்பது இப்போது உறுதி. இழுகோலைக் கையால் அசைத்துப் பார்க்கும்போது, அதன் ஊசி பாதியாகத் தேய்ந்திருப்பது தெரிகின்றது. புதிய ஊசியை இட்டு, பூட்டு நட்டைத் தளர்த்தி, இழுகோலைச் சுருக்கி இறுக்குகின்றார். கியர் கரகரப்பின்றி விழுகின்றது.

ஆயினும் மூன்றாம் நாள், ஆழச் சேற்றில் எஞ்சின் உரக்க ஓடியும் இயந்திரம் தளர்கின்றது. எரிந்த நாற்றமும் எழுகின்றது. இழுகோலை அளவுக்கு மேல் சுருக்கியதால் இடைவெளி முற்றாக மறைந்துவிட்டது. நட்டை மீண்டும் தளர்த்தி இடைவெளியை விட்ட பின்னரே வேலை நிறைவு பெறுகின்றது. அன்றே கவனித்தமையால் தட்டுப் பிழைத்தது. ஒரு நாள் பொறுத்திருப்பின் அது கரிந்து போயிருக்கும். செலவு ஓர் ஊசியின் விலை மட்டுமே. ஒரு குறையைத் தீர்த்தவர் அதன் எதிர்க்குறையை உண்டாக்கிவிடாது பார்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதையும் இது காட்டுகின்றது.

10. ஓட்டுவோர் கைக்கொள்ள வேண்டியவை

கியர்ப் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஓட்டுவோரின் கையே. இயந்திரம் நின்ற பின்னரே கியர் மாற்றுக. கியர் விழாவிடின் நெம்புகோலை உதைத்து இறக்காது, கிளச்சைச் சிறிது பிடிக்கவிட்டு மீண்டும் விடுவித்து இட்டுப் பார்க்குக. முட்டி நின்ற பல் விலகும்.

சரிவில் இறங்குமுன், மேட்டிலேயே நிறுத்தித் தாழ்ந்த கியரை இட்டுக்கொள்க. சரிவின் நடுவில் கியர் மாற்ற முயல்வதும், கிளச்சை விடுவித்து உருளவிடுவதும் பல உயிர்களைக் கவர்ந்த பிழைகளாகும். சரிவில் திருப்பு நெம்புகோலும் எதிராக வேலை செய்யும். சமதரையில் இடது நெம்புகோலைப் பிடித்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். பாரம் பின்னிருந்து தள்ளும் சரிவிலோ, விடுபட்ட இடது சில்லு விரைந்து உருள, இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இதனை அறியாத புதியவரிடம் பாரமேற்றிய இயந்திரத்தைக் கொடுக்கலாகாது.

பின்கியரை இடும்போது சுழல் கலப்பையின் இணைப்பு விடுபட்டிருத்தல் வேண்டும். கைப்பிடி திடீரென மேலெழக் கூடுமாதலால் கிளச்சை மெதுவாகப் பிடிக்கவிடுதல் வேண்டும். பின்னால் மரமோ, மதிலோ, வேலிக் கதியாலோ இருப்பின் அங்கு பின்கியர் இடலாகாது. ஓட்டுபவர் நடுவில் நசுக்கப்படுவார்.

11. காலத்துக்குக் காலம் செய்ய வேண்டியவை

நாளாந்தம்: அச்சிற் சுற்றிய வைக்கோலையும் நூலையும் அறுத்தெடுத்தல், இழுகோல்களின் ஊசிகளையும் பூட்டு நட்டுக்களையும் பார்த்தல், எண்ணெய்க் கசிவை நோக்கல்.

கிழமைதோறும்: வார்ப்பட்டியின் இறுக்கத்தைப் பார்த்தல், கியர்ப் பெட்டியின் எண்ணெய் மட்டத்தை அளத்தல், நெம்புகோல்களின் மூட்டுக்களுக்கு எண்ணெய் இடுதல்.

போகம் முடிவில்: எண்ணெயை இளஞ்சூட்டில் வடித்து, டீசலாற் பெட்டியைக் கழுவி வடித்து, புதிய எண்ணெய் இடுதல், கெட்ட காப்பு வளையங்களை மாற்றுதல், வார்ப்பட்டியைத் தளர்த்தி, கிளச்சை விடுபட்ட நிலையில் வைத்து, இயந்திரத்தைக் கூரையின் கீழ் நிறுத்துதல்.

விதைப்புக்கு ஒரு மாதம் முன்: எஞ்சின் நின்ற நிலையிலும் ஓடும் நிலையிலும் எல்லாக் கியர்களையும் இட்டுச் சோதித்தல். அப்போது காணப்படும் குறையைத் தீர்க்க நாட்கள் உண்டு. நீர் விட்ட பின் காணப்படும் குறைக்கு நாட்கள் இல்லை.

இங்கு கூறிய சோதனைகளுக்கு இரண்டு நட்டுத் திறப்புக்களும், ஒரு திருகாணித் திறப்பும், துணைக்கு ஒருவரும், பொறுமையுமே வேண்டுவன. பெட்டியினுள்ளே பல் உடைந்துள்ளது என்று உறுதியானபின் திருத்துவோரை நாடுதல் வேண்டும். அவ்வேளையிலும், எந்தக் கியர், எந்த நிலையில், எவ்வாறு கெட்டது என்பதை விளங்கக் கூறும் கமக்காரர் வேண்டாத பாகங்களுக்குப் பணம் கொடுக்கமாட்டார். ஐயம் உள்ளோர் தம் பகுதியிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ ஆலோசனை பெற்றுக்கொள்ளலாம்.